பாட்டு ஒரு முகவரி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் தொலைபேசியில் அழைத்து, "இன்ஜினியர்தானே நீங்க, ஏதாவது டெக்னிக்கலாப் பேசுங்க. ஆனா யாரும் தூங்கிடக் கூடாது" என்றார்கள். இரண்டும் சேர்ந்து நடக்கிற காரியமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் பாட்டைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தேன். பாடப் போவதில்லை, பயப்பட வேண்டாம். விடுதியில் என் குரலைக் கேட்டு அனுபவித்தவர்கள் சிலர் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் இப்போதுதான் நிம்மதி தெரிகிறது.

பாட்டைப் பற்றி என்றால் ராகம், தாளம் பற்றி அல்ல. அதற்கு எனக்குத் தகுதி இல்லை. ஒரு பாட்டு காதில் விழுந்ததும், நாம் கேட்காமலேயே ஒரு தெருவும், ஒரு வருஷமும், சில முகங்களும் வந்து நிற்கின்றனவே, அதைப் பற்றித்தான். என்னைப் பொறுத்தவரை ஒவ்வொரு பாட்டும் ஒரு முகவரி. அதை எழுதியவர் ஒருவர், இசையமைத்தவர் ஒருவர், பாடியவர் ஒருவர். ஆனால் அந்த முகவரியில் குடியிருப்பது நாம்தான்.

இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களை ஆண்டு வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். நான் வேறு மாதிரி பிரித்துப் பார்க்கிறேன். முதலில் வானொலிக் காலத்து அண்ணன்மார்கள். 1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகளை ஒதுக்கி வைத்தார். கேட்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். நிலைமையைச் சமாளிக்க 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித பாரதி தொடங்க வேண்டி வந்தது. ஆனாலும் எங்கள் ராமநாதபுரம் பக்கத்தில் இலங்கை வானொலியின் பிடி அதற்குப் பிறகும் பல வருஷம் தளரவில்லை. கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற குரல், சென்னையிலிருந்து வருவதைவிடத் தெளிவாகக் கேட்கும் என்பார் எங்கள் பெரியப்பா. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களின் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் அவர் நிமிர்ந்து உட்கார்வார்.

அடுத்தது கேசட் காலத்து அண்ணன்மார்கள். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள், 1992-இல் 'ரோஜா' வந்தபோது இங்கே விடுதியில் இருந்தவர்கள். வெற்றுக் கேசட் வாங்கி, ஒரு தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதி, ரெக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு நாலு நாள் கழித்து வாங்கப் போன தலைமுறை. "அண்ணே, அந்தப் பாட்டு எங்ககிட்ட இல்ல, அதுக்குப் பதிலா வேற ஒண்ணு போட்டுட்டோம்" என்று கடைக்காரர் சொன்னதும் கோபம் வரும். ஆனால் முப்பது வருஷம் கழித்து யோசித்துப் பாருங்கள், அந்தக் கடைக்காரர் தன் இஷ்டத்துக்குப் போட்ட பாட்டுதான் பல பேருக்கு உயிரான பாட்டாக ஆகியிருக்கும்.

மூன்றாவது, நாங்கள். 2005 முதல் 2009 வரை இங்கே படித்தவர்கள். ஒரே சி.டி.யில் 150 பாட்டு என்று பேருந்து நிலைய வாசலில் விற்றதைப் பார்த்தவர்கள். விடுதியில் ஒருவனிடம் கம்ப்யூட்டரும் ஸ்பீக்கரும் இருந்தால் அந்த வராந்தா முழுவதற்கும் அவன்தான் வானொலி நிலையம். புளூடூத்தில் ஒரு பாட்டை வாங்க இரண்டு போனையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு, "தொடாதடா, கட் ஆயிடும்" என்று காவல் காத்தவர்கள்.

நான்காவது, இன்றைய மாணவர்கள். உலகத்துப் பாட்டு எல்லாம் சட்டைப் பையில். அவர்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த நாலு கூட்டத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. நாம் விரும்பித் தேர்ந்தெடுத்த பாட்டுகளைவிட, நம் மேல் வந்து விழுந்த பாட்டுகள்தான் ஆழமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கல்யாண வீட்டில் குழாய் கட்டியதும் முதலில் வருகிற சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. ஆடி மாசத்தில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. நோன்புக் காலத்தில் நாகூர் ஹனிபாவின் கணீர்க் குரல். தொலைதூரப் பேருந்தில் டிரைவர் அண்ணன் ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் இருக்கப் போடுகிற இளையராஜா பாட்டு. இதில் எதையும் நாம் கேட்டு வாங்கவில்லை. ஊர் போட்டது, நாம் கேட்டோம். என் நண்பன் ஒருவன் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். ஆனால் எந்த ஊரில் ஈஸ்வரி அம்மாவின் குரல் கேட்டாலும் கூழ் வாசனை வருகிறது என்று அவனே ஒத்துக்கொள்வான்.

எங்கள் ஆண்டுக்காரர்களுக்கு ஒரு தனி முகவரி உண்டு. 2008-ஆம் வருஷம் எங்களுக்கு இறுதியாண்டு. செப்டம்பர் 15-ஆம் தேதி அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவாலானது. அந்தப் பெயரையே அதற்கு முன்னால் நாங்கள் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அடுத்த சில வாரங்களில் வளாகத் தேர்வுக்கு வருவதாகச் சொன்ன கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தேதியைத் தள்ளிவைத்தன. வேலை கிடைத்தவர்களுக்கும் எப்போது சேரச் சொல்வார்கள் என்பது தெரியாது. கல்விக் கடன் வாங்கிப் படித்தவர்கள் பலர். வீட்டுக்குப் போன் செய்தால் அப்பா கேட்கிற முதல் கேள்விக்குப் பதில் கிடையாது. அந்த நவம்பரில் 'வாரணம் ஆயிரம்' வந்தது. ஹாரிஸ் ஜெயராஜின் அந்தப் பாட்டுகள் அந்தக் குளிர்காலம் முழுக்க விடுதியில் ஓடின. கேட்பவர்களுக்கு அவை காதல் பாட்டுகள். எங்கள் ஐம்பது அறுபது பேருக்கு மட்டும் அவற்றில் வேலை கிடைக்குமா என்ற கவலையும், மெஸ் டீயின் ருசியும், ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனதும் கலந்திருக்கின்றன. சென்ற வருஷம் ஒரு விமான நிலையத்தில் அந்தப் பாட்டு ஒன்று ஓடியது. எதிரே வந்த என் வகுப்புத் தோழன், பத்து வருஷமாகப் பார்க்காதவன், 'எப்படி இருக்கே' என்றுகூடக் கேட்கவில்லை. "மாப்ளே, அந்த நீலச் சட்டை யாருதுடா?" என்றுதான் கேட்டான்.

இது ஏன் நடக்கிறது? இங்கேதான் கொஞ்சம் டெக்னிக்கல்.

வயதானவர்களிடம் "உங்கள் வாழ்க்கையில் நினைவிருப்பதைச் சொல்லுங்கள்" என்று கேட்டால், சுமார் பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் அளவுக்கு மீறி அதிகமாக வருகின்றன. நினைவுகளை வயது வாரியாக வரைபடம் போட்டால் அந்த இடத்தில் ஒரு மேடு தெரியும். உளவியலார் பலமுறை சோதித்துப் பார்த்த விஷயம் இது. பாட்டு விஷயத்தில் இந்த மேடு நன்றாகத் தெரிகிறது. "எங்க காலத்துப் பாட்டு மாதிரி வருமா?" என்று ஒவ்வொரு தலைமுறையும் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இசை கெட்டுப்போனதா இல்லையா என்பது வேறு விவாதம். முதல் வேலை, முதல் நட்பு, முதல் காதல், முதல் தனிமை எல்லாம் அந்த வயதில்தான் வருகின்றன. அப்போது ஓடிய பாட்டோடு அவை சேர்ந்தே பதிந்துவிடுகின்றன.

2009-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பீட்டர் ஜனாட்டா என்ற ஆய்வாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். மாணவர்களை மூளையைப் படம் பிடிக்கும் எந்திரத்தில் படுக்க வைத்து, அவர்களுடைய சிறு வயதிலும் பதின்ம வயதிலும் பிரபலமாக இருந்த பாட்டுகளின் துண்டுகளைப் போட்டுக் காட்டினார். சொந்த நினைவைக் கிளப்பிய பாட்டு வந்தபோது நெற்றிக்குப் பின்னால், நடுப்பக்கமாக உள்ள ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்தது. இசையைத் தொடர்வதும், அதோடு சேர்ந்த நினைவை எடுத்து வருவதும் அங்கே சந்திக்கின்றன என்பது அவர் முடிவு. இதில் நமக்கு முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது. அல்சைமர் என்ற மறதி நோயில் மூளை சிதையும்போது, இந்தப் பகுதி மற்றப் பல பகுதிகளைவிடத் தாமதமாகவே பாதிக்கப்படுகிறது.

இன்னொரு உதாரணம். கிளைவ் வேரிங் என்ற ஆங்கிலேய இசைக்கலைஞர் 1985-இல் மூளைக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டார். உயிர் பிழைத்தார், ஆனால் நினைவு போய்விட்டது. அரை நிமிஷத்துக்கு முன் நடந்தது அவருக்கு நிற்காது. மனைவி பக்கத்து அறைக்குப் போய்விட்டு வந்தால், பல வருஷம் பிரிந்திருந்தவளைப் பார்ப்பதுபோல் ஓடிவந்து வரவேற்பார். அப்படிப்பட்டவரைப் பியானோ முன்னால் உட்கார வைத்தால் முழுதாக வாசிப்பார். பாடகர் குழுவை நடத்துவார். வாசித்து முடித்ததும், வாசித்தது நினைவிருக்காது.

மூளைக்குள் பாட்டு வேறு பாதையில் போய் உட்கார்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்ததோடு விட்டிருப்பேன். எங்கள் வகுப்புத் தோழன் ஒருவனின் வீட்டில் நடந்தது அப்படி விடவில்லை. அவன் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

அவன் அப்பா மதுரையில் ஒரு பஞ்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். எழுபது வயதுக்கு மேல் மறதி நோய் வந்தது. முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு பேரனின் பெயர், கடைசியில் மகனையே "தம்பி, நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கும் நிலை. டாக்டர், மற்றச் சிகிச்சைகளோடு, பழைய பாட்டும் போட்டுப் பாருங்கள் என்றார். என் நண்பன் பெரிய பட்டியலே தயார் செய்தான். எம்.எஸ்.வி., கே.வி. மகாதேவன், டி.எம். சௌந்தரராஜன், பி. சுசீலா என்று அந்தக் காலத்தின் சிறந்த பாட்டுகள். அப்பா கேட்டுக்கொண்டிருப்பார். சில நேரம் விரல் தாளம் போடும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஒரு நாள் அதிகாலையில் தற்செயலாக வானொலி ஓடியது. ஒலிபரப்பு தொடங்குவதற்கு முன் வயலினில் ஒரு மெட்டு வருமே, அகில இந்திய வானொலியின் அடையாள இசை, அது வந்தது. அப்பா கட்டிலிலிருந்து எழுந்தார். "ஏலே, நேரமாச்சு. தூக்குச்சட்டியில சோத்தப் போடச் சொல்லு" என்றார். காலை ஷிப்டுக்குக் கிளம்புகிறார்! "ஏலே" என்று அவர் கூப்பிட்டது மகனை. மகன் என்று தெரிந்து கூப்பிட்டார். பெயரையும் சொன்னார். இது சில நிமிஷம்தான். பிறகு பழையபடி ஆகிவிட்டார். ஆனால் என் நண்பன் என்னிடம் சொன்னது: "ஒன்றரை வருஷத்துக்கப்புறம் எங்கப்பா என் பேரைச் சொன்னாரு மாப்ளே. அந்த மெட்டுப் போட்டவரு யாருன்னு தெரிஞ்சா கால்ல விழுந்துருவேன்."

நான் தேடிப் பார்த்துச் சொன்னேன். அந்த மெட்டு 1930களில் உருவானது. அமைத்தவராகச் சொல்லப்படுபவர் வால்டர் காஃப்மன். இன்றைய செக் நாட்டுப் பகுதியில் 1907-இல் பிறந்த யூதர். ஐரோப்பாவில் ஹிட்லரின் கை ஓங்கிய நேரத்தில், 1934-இல், பம்பாய்க்கு வந்து சேர்ந்தார். அங்கே வானொலியில் மேல்நாட்டு இசைப் பிரிவில் வேலை பார்த்தார். தன் ஊரை இழந்துவிட்டு வந்த ஒரு மனிதர் சிவரஞ்சனியின் சாயலில் அமைத்த சில நொடி மெட்டு, மதுரையில் ஒரு பஞ்சாலைத் தொழிலாளியின் காலை ஆகிவிட்டது. அது அவருடைய ஷிப்டு மணி. நாம் 'சிறந்த பழைய பாட்டு' என்று தேடிக்கொண்டிருந்தோம். அவருடைய முகவரி சினிமாப் பாட்டில் இல்லை.

நோய் குணமாகவில்லை. பாட்டு மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அதற்குப் பிறகு காலையில் அந்த இசையைப் போட்டால்தான் அவர் குளிக்கவும் சாப்பிடவும் இணங்குவார் என்ற அளவுக்கு வீட்டில் ஓர் ஒழுங்கு வந்தது. கவனித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அந்த வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. என் அப்பா அம்மாவுக்கு இப்படி ஆனால் எதைப் போடுவது என்று எனக்குத் தெரியுமா? அவர்களுடைய பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான காதுகளில் என்ன விழுந்தது என்று எனக்குத் தெரியுமா? உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், கேட்க இன்றைக்கு முடியும். அவர்கள் மறந்த பிறகு கேட்க முடியாது.

அந்த விடுமுறையில் ஊருக்குப் போய்க் கேட்டேன். அம்மா உடனே சொன்ன பாட்டு, நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை. ஒரு தாலாட்டு, எங்கள் அப்பத்தா பாடியது. "அது கேசட்டுல இருக்குடா" என்றார். எந்தக் கேசட் என்றால், சவூதிக் கேசட்.

இங்கே சிலருக்குப் புரிந்திருக்கும். 1980களிலும் 90களிலும் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்களுக்குப் போன் என்பது எட்டாத செலவு. கடிதம் எழுத எல்லோருக்கும் வராது. அதனால் கேசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்குப் போகிறவர் யாரிடமாவது கொடுத்து அனுப்புவார்கள். என் அப்பா ஒன்பது வருஷம் அங்கே இருந்தார். கேசட் வரும். வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்போம். பிறகு அதே கேசட்டில், அதன் மேலேயே, எங்கள் பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவோம். புதுக் கேசட்டுக்குக் காசு வேண்டுமே! அதனால் ஒவ்வொரு கடிதத்தையும் அதன் பதில் அழித்தது. ஒன்பது வருஷத்துப் பேச்சில் எங்களிடம் மிஞ்சியது மூன்றே கேசட்.

அதில் ஒன்றில் அப்பத்தா இருக்கிறார். "ஒம் மகன் தூங்க மாட்டேங்கிறான், நான் பாடுறேன், நீயும் கேளு" என்று சொல்லிவிட்டுப் பாடுகிறார். பின்னணியில் கோழி கத்துகிறது. தூரத்தில் டீக்கடை ரேடியோவில் ஏதோ சினிமாப் பாட்டு மெலிதாக ஓடுகிறது. அப்பா இப்போது ஊரில்தான் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். "நீங்க பேசுனதக் கேட்டப்ப அழுகை வந்துச்சு. ஆனா பின்னால ஓடுச்சே டீக்கடைப் பாட்டு, அதக் கேட்டப்பதான்டா ஊருக்கே வந்த மாதிரி இருந்துச்சு" என்றார்.

இப்போது இன்ஜினியர் பேச வேண்டிய இடம்.

கேசட் என்பது பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகம் செய்த பொருள். உள்ளே இருப்பது 3.81 மில்லிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் நாடா, அதன் மேல் இரும்பு ஆக்ஸைடு பூச்சு. நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். பக்கத்துக்கு அரைமணி நேரம் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், சுமார் 86 மீட்டர் நாடா. அப்பத்தாவின் தாலாட்டு மூன்று நிமிஷம் என்றால், அது எட்டரை மீட்டர் இரும்புத் தூளில் இருக்கிறது. அந்தத் தூளைப் பிடித்து வைத்திருக்கும் பசை காலத்தால் தளரும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும். நாடா மெல்ல மெல்லக் காந்தத்தை இழக்கும். முப்பது வருஷம் அலமாரியில் சும்மா இருந்த கேசட்டும் முதுமை அடைந்துகொண்டேதான் இருக்கிறது. அதைவிட வேகமாக மறைவது அதை ஓட்டும் டேப்ரிக்கார்டரும், அதைச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்கும்.

எனவே உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், என் அனுபவத்தில் சில வார்த்தைகள். தூசு படிந்த பழைய செட்டில் அவசரப்பட்டுப் போடாதீர்கள். உள்ளே ரப்பர் பெல்ட் இளகி ஒட்டியிருக்கும்; முதலில் செட்டைச் சரிபார்த்து, ஹெட்டை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, போனால் போகட்டும் என்ற ஒரு கேசட்டைப் போட்டுச் சோதியுங்கள். கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தாவுகளை உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அழியாது. ஓட்டுமுன் ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் சுற்றுங்கள். பல வருஷம் இறுகிய நாடா தளரும். நடராஜ் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். கேசட்டின் சக்கரத்தில் ஆறு பல், பென்சிலுக்கு ஆறு பட்டை. இரண்டும் பொருந்துகிற அழகை எந்த எந்திரவியல் வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் நீங்களாக ஓட்ட வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கம்ப்யூட்டரில் ஏற்றும்போது எம்.பி.3 ஆகச் சேமிக்காதீர்கள், வேவ் கோப்பாகச் சேமியுங்கள். காரணம் இருக்கிறது. சி.டி. தரத்தில் ஒலி என்றால் நொடிக்கு 44,100 முறை அளந்து, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நொடிக்குச் சுமார் 14 லட்சம் பிட். எங்கள் விடுதிக் காலத்து எம்.பி.3-இல் அது 1,28,000 பிட். பதினொன்றில் ஒரு பங்கு. மீதி எங்கே போயிற்று? ஒரு பெரிய சத்தம் கேட்கும்போது அதன் அருகில் உள்ள சின்னச் சத்தம் நம் காதுக்கு எட்டாது. அப்படி எட்டாததை எல்லாம் கழித்துவிடுவதுதான் எம்.பி.3-இன் சூட்சுமம். அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான ஜெர்மானியர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சூசன் வேகா என்ற அமெரிக்கப் பாடகி வாத்தியம் எதுவும் இல்லாமல் தனிக்குரலில் பாடிய ஒரு பாட்டை வைத்துத் திரும்பத் திரும்பச் சோதித்தார். பெரிய வாத்தியக் குழுவைச் சுருக்குவதைவிட, தனியாக ஒலிக்கும் ஒரு மனிதக் குரலைக் கெடாமல் சுருக்குவது அவருக்குக் கடினமாக இருந்தது. காதை ஏமாற்றலாம், குரல் விஷயத்தில் மட்டும் அது சுலபமில்லை.

எம்.பி.3 கழிப்பது பெரிய சத்தத்தின் பின்னால் மறைந்திருக்கும் சின்னச் சத்தத்தை. என் அப்பாவை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது எது? அப்பத்தாவின் குரலுக்குப் பின்னால் மெலிதாக ஓடிய டீக்கடைப் பாட்டு. அதனால்தான் சொல்கிறேன், 'இரைச்சல் நீக்கம்' என்று மென்பொருள் ஆசை காட்டினாலும் மூலப் பதிவில் கை வைக்காதீர்கள். வேண்டுமானால் ஒரு பிரதி எடுத்து அதைச் சுத்தம் செய்யுங்கள். மூலத்தை இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். யார் பேசுகிறார்கள், எந்த வருஷம் என்று கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். எங்கள் மூன்று கேசட்டும் இப்போது பத்திரமாக இருக்கின்றன. நாடா ஓடி முடிந்த அன்று அம்மா ஒன்றும் பேசவில்லை. "இன்னொரு தடவ போடு" என்றார், அவ்வளவுதான்.

இப்போது தம்பி தங்கைகளிடம் வருகிறேன். 'உங்களுக்கெல்லாம் நினைவுகளே இருக்காது, எல்லாம் காதில் மாட்டிக்கொண்டு தனித்தனியாகக் கேட்கிறீர்கள்' என்று புலம்ப நான் வரவில்லை. நேற்று மாலை விடுதிப் பக்கம் நடந்து போனேன். மொட்டை மாடியில் நாலு பேர், ஒரு போன், ஒரு சின்ன ஸ்பீக்கர். நாங்கள் உட்கார்ந்த அதே இடம். ஒரு தம்பியிடம், "ஆளுக்கொரு ஹெட்போன் வெச்சிருக்கீங்களே, ஒண்ணா என்னப்பா கேக்குறீங்க?" என்று கேட்டேன். "அண்ணே, தனியா இருக்கும்போது கேக்குறது எங்க பாட்டு. இங்க போடுறது ரூம் பாட்டு. மெக்கானிக்கல் பசங்க வந்து மாத்துனா சண்டை" என்றான். மனசு நிறைந்துவிட்டது. முகவரிகள் உருவாகிக்கொண்டுதான் இருக்கின்றன.

உங்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். எங்கள் கேசட் அலமாரியில் தூங்கியது. உங்கள் பட்டியல் வேறு யாருடைய கம்ப்யூட்டரிலோ தூங்குகிறது. சந்தா கட்டாவிட்டாலோ, அந்தச் சேவையே நின்றுபோனாலோ பட்டியல் போய்விடும். பாட்டு எங்காவது கிடைக்கும். எந்தப் பாட்டு என்பதுதான் தொலையும். அதனால் எழுதி வையுங்கள். பேனாவால், தாளில்.

முடிக்கும் முன் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, இந்த விடுமுறையிலேயே உங்கள் பெற்றோரிடமும், இருந்தால் தாத்தா பாட்டியிடமும் உட்கார்ந்து இருபது பாட்டுக் கேட்டு எழுதுங்கள். பாட்டின் பெயர் மட்டும் போதாது. அதை எங்கே கேட்டார்கள், யாரோடு கேட்டார்கள் என்று ஒரு வரி. சினிமாப் பாட்டாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தாலாட்டு, கோயில் பாட்டு, கட்சிப் பாட்டு, ரேடியோ விளம்பரம், ஆலைச் சங்கு எதுவானாலும் சரி.

இரண்டு, வீட்டில் குரல் பதிந்த கேசட் ஏதாவது இருந்தால் தேடி எடுங்கள். ஏற்றித் தர ஆள் இல்லை என்றால் என்னிடம் சொல்லுங்கள். நல்ல நிலையில் உள்ள டேப் டெக் ஒன்று என் வீட்டில் இருக்கிறது, எங்கள் ஆண்டு நண்பர்கள் நாலைந்து பேர் உதவத் தயாராக இருக்கிறார்கள். காசு வேண்டாம்.

மூன்று, சங்கத்துக்கு ஒரு யோசனை. ஒவ்வோர் ஆண்டும் விடுதியை விட்டுப் போகும் இறுதியாண்டு மாணவர்கள், அந்த நாலு வருஷத்தில் விடுதியில் ஓடிய இருபது பாட்டுகளையும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணத்தையும் எழுதி நூலகத்தில் வைத்துவிட்டுப் போகட்டும். பழைய ஆண்டுக்காரர்களும் இன்றைக்கே தொடங்கலாம். அடுத்த மலரில் அச்சிடலாம். முப்பது வருஷம் கழித்து, நம்மில் யாருக்காவது நம் பெயரே மறந்துபோகும் நாள் வந்தால், நம் பிள்ளைகள் இங்கே வந்து அந்தத் தாளைப் புரட்டி எதைப் போட வேண்டும் என்று தெரிந்துகொள்ளட்டும்.

எங்கள் ஆண்டின் பட்டியலை நாங்கள் எழுதத் தொடங்கிவிட்டோம். முதல் பாட்டுக்கே தகராறு. ஆனால் நீலச் சட்டை யாருடையது என்பது தெரிந்துவிட்டது. அவர் இந்த அரங்கில்தான் இருக்கிறார். இன்னும் திருப்பித் தரவில்லை என்று புகார்.